உடம்பே அடையாள அட்டையாக இருந்த காலம்: ஓவியர் தா. சனாதனனின் படைப்புலகம்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் தெஹிவளை, கல்கிசை, அதற்கு அப்பால் இரத்மலானை. தெற்கில் உள்ளவர்களுக்கு இரத்மலானை என்றதும் ரயில்வே வேலைத்தளமும் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரலாம். யாழ்ப்பாணத்தவருக்கு அது நீண்ட காலம் ஒரே ஒரு பொருளையே தந்தது. ஊருக்குப் போகும் பிளேன் அங்கிருந்துதான் புறப்படும். ஏ-9 வீதி மூடிக் கிடந்த ஆண்டுகளில், 2002 ஏப்ரலில் அது திறக்கும் வரையும், பிறகு 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்ட பின்னரும், பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் பறந்த சிறிய விமானங்களும் கப்பலும்தான் குடாநாட்டின் வாசல்கள்.

அந்த வாசலால் போய்வந்தவர்களுக்கு விமானத்தைவிட அதற்கு முன்பிருந்த வரிசைகளே அதிகம் நினைவிருக்கும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும். பொதியைப் பிரிக்க வேண்டும். கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். தழும்பு இருந்தால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சைக்கிளால் விழுந்த தழும்பென்றாலும் சொல்லும்போது குரல் நடுங்கும்.

இரத்மலானைக்கு இதைவிடப் பழைய நினைவும் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வீடு எரிக்கப்பட்டு வெளியே வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்த விமான நிலையத்தின் கொட்டகைகளில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். அங்கிருந்தும் ஏனைய முகாம்களிலிருந்தும் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்து, யாழ்ப்பாணத்தை விடுமுறைக்கு மட்டுமே பார்த்த பிள்ளைகளும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். உங்கள் ஊர் அதுதான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

ஒருவர் தமிழர் என்பதை அவருடைய உடம்பில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1958இலும் 1983இலும் கும்பல்கள் வழிமறித்து, வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் 'பால்திய' என்ற சொல்லை உச்சரிக்கச் சொன்ன கதைகள் நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகின்றன. நாக்கு காட்டிக் கொடுத்தது. ஆண்களின் காதில் குத்திய அடையாளம் காட்டிக் கொடுத்தது. பெண்கள் பொட்டை அழித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அடையாள அட்டை வந்த பின் அதுவும் சேர்ந்துகொண்டது. தெற்கில் வழங்கப்பட்ட அட்டைகள் சிங்களத்தில் மட்டும் இருக்க, வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்டவற்றில் தமிழும் இருந்தது. பெயரை வாசிக்கவே தேவையில்லை, எழுத்தைப் பார்த்தாலே போதும்.

உடம்புக்கும் அடையாளத்துக்கும் இருக்கும் இந்த உறவை ஓவியத்தின் பொருளாக எடுத்துக்கொண்டவர்களில் நம்மவர் என்று முதலில் சொல்லத்தக்கவர் தாமோதரம்பிள்ளை சனாதனன். 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றார், பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறார். வெளிநாடுகளின் கலைக்கூடங்களில் அறியப்பட்ட அளவுக்கு அவர் நம் வீடுகளில் அறியப்படவில்லை என்பது என் எண்ணம். நம் பத்திரிகைகள் ஓவியத்துக்கு ஒதுக்கும் இடம் எவ்வளவு என்பது தெரிந்ததுதானே.

அவர் வரையத் தொடங்கிய காலத்தில் இலங்கை ஓவியத்தில் மனித உடல் எந்த இடத்தில் இருந்தது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1943இல் கொழும்பில் உருவான 43 குழு நவீன ஓவியத்தை இந்த நாட்டில் நிலைநிறுத்தியது. அதன் பெரும் பெயரான ஜோர்ஜ் கீற் வரைந்த உடல்கள் வளைவும் நெளிவும் கொண்டவை. புராணத்திலிருந்தும் கோயில் சிற்பத்திலிருந்தும் இறங்கி வந்தவை போன்றவை. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் அவர் வரைந்ததை இன்றும் பார்க்கலாம். அழகான உடல்கள்தான். ஆனால் 1980களின் பிற்பகுதியில் தெற்கில் டயர்களில் எரிந்த உடல்களையும் வடக்கில் குண்டுவீச்சில் சிதறிய உடல்களையும் பார்த்த தலைமுறைக்கு அந்த வளைவுகள் போதவில்லை.

1992இல் ஜகத் வீரசிங்க கொழும்பில் நடத்திய 'பதற்றம்' என்ற பொருள்படும் ஓவியக் காட்சியை இந்தத் திருப்பத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். அவர் தொல்லியலாளரும்கூட. அதன் பிறகு வந்த கலைப்போக்கைத் 'தொண்ணூறுகளின் போக்கு' என்று அவரே பெயரிட்டு எழுதினார். மொஸ்கோவில் பயின்று திரும்பிய சந்திரகுப்த தேனுவர, கொழும்பு வீதிகளை மறித்து நின்ற வண்ணம் பூசிய தார்ப் பரல்களையே 1997இல் தன் கலைப்பொருளாக்கினார். நாம் வரிசையில் நின்ற அதே சென்றியின் அதே பரல்கள். ஆண்டுதோறும் ஜூலை 23ஆம் திகதியை ஒட்டி, 1983ஐ நினைவூட்டி அவர் காட்சி நடத்திவருகிறார். ஒரு சிங்களக் கலைஞர் இதை இத்தனை ஆண்டுகளாக விடாமல் செய்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்தக் கூட்டத்தில் சனாதனனின் நிலை வேறானது. தெற்கின் ஓவியர் சோதனைச் சாவடியைப் பார்த்து வரைந்தார். இவர் அந்தச் சாவடியில் நிறுத்தப்படும் உடம்புக்குள் இருந்துகொண்டு வரைந்தார். அவருடைய ஓவியங்களிலும் கோட்டுருவங்களிலும் உடலை நிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரித்தெடுக்க முடிவதில்லை. காயம் தோலில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா என்று பார்ப்பவர் தடுமாறுவார். இது அழகியல் விளையாட்டாக எனக்குப் படவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் நடந்த சனங்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். வீட்டை விட்டு வந்ததைச் சொல்லும்போது அவர் கை தன் நெஞ்சிலோ வயிற்றிலோ போய் நிற்கும்.

சோதனைச் சாவடிகளை ஒரு தரப்பு மட்டும் வைத்திருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் வாங்கிய காலத்தை நாம் மறக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களும் தங்கள் பொதிகளையும் உடம்பையும் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

உடலை வரைந்த ஓவியரின் படைப்புகளில் 2000களில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்கிறது. உடல் மெல்ல மறைந்து, அதன் இடத்தில் பொருட்கள் வருகின்றன. போர்நிறுத்த காலமான 2004இல், மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தெற்கின் தீர்த்த கலைஞர் குழு முன்னின்று நடத்திய 'அகம் புறம்' காட்சியில் அவருடைய நிர்மாணம் ஒன்று இடம்பெற்றது. வரலாறுகளின் வரலாறு என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். குடாநாட்டு வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த பொருட்களைச் சேர்த்து அமைத்தது. 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த கட்டடத்தில், நூலுக்குப் பதிலாக வீட்டுப் பொருட்கள் சாட்சி சொல்ல வந்தன.

ஏன் இந்த மாற்றம்? என் விளக்கம் இது. உடலை வரையலாம், ஆனால் இல்லாத உடலை எப்படி வரைவது? காணாமற்போனவரின் உடல் வரைவதற்குக் கிடைப்பதில்லை. அவர் விட்டுப்போன சட்டை கிடைக்கும், மூக்குக்கண்ணாடி கிடைக்கும், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை கிடைக்கும். உடல் இல்லாத இடத்தில் பொருள்தான் உடல்.

இதை விளங்கிக்கொள்ள மீண்டும் இரத்மலானைக்கு வரவேண்டியிருக்கிறது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் வந்து சேரவில்லை. 48 பயணிகளும் 7 பணியாளர்களும் அதில் இருந்தார்கள். பயணிகள் தமிழர்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியது என்று கூறப்பட்டது. போர் முடிந்த பின், 2012இல் இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கிருந்து எடுக்கப்பட்ட ஆடைகளும் பொருட்களும் பின்னர் யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டு, உறவினர்கள் வந்து அடையாளம் காட்டும்படி கேட்கப்பட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உப்புத் தண்ணீரில் கிடந்த ஒரு துணியைப் பார்த்து இது என் பிள்ளையுடையது என்று சொல்வது எப்படிப்பட்ட காரியம்! அந்த மண்டபத்தில் கலை ஏதும் இல்லை. ஆனால் சனாதனன் பொருட்களைக் கேட்டு வீடு வீடாகப் போனதன் நியாயம் அங்கே இருந்தவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும்.

2005 மே மாதத்தில் தொடங்கிய இன்னொரு முயற்சி தனியே சொல்லத்தக்கது. முகனட் காதர், சனாதனன், தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நால்வரும் தபாலில் ஓவியம் பரிமாறிக்கொண்டார்கள். ஒருவர் ஒரு கோட்டுருவம் வரைந்து அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் அதைப் பார்த்து அதற்குப் பதிலாகத் தான் ஒன்று வரைந்து அடுத்தவருக்கு அனுப்புவார். ஓராண்டில் முடிக்கும் திட்டம், பெயரும் 'ஓராண்டு ஓவியத் திட்டம்' என்ற பொருளில்தான் இருந்தது. முடிந்தது 2007 ஒக்ரோபரில், 29 மாதங்களுக்குப் பிறகு. இடையில் போர் மீண்டும் மூண்டது, ஏ-9 மூடியது, யாழ்ப்பாணத்தில் ஊரடங்கும் தட்டுப்பாடும் கொலைகளும் அன்றாடமாயின. மொத்தம் 208 கோட்டுருவங்கள். 2008இல் ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் அவற்றை நூலாக்கியது. கொழும்பில் இருந்த கலைஞருக்கு அடுத்த ஓவியம் தாமதமாகிறது என்றால் அது வெறும் தாமதம். யாழ்ப்பாணத்தில் இருந்தவரிடமிருந்து தாமதமாகிறது என்றால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த நூலைப் புரட்டும்போது இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 29 மாதங்களுக்குள்தான் 2007 ஜூன் 7ஆம் திகதியும் வந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் விடியற்காலையில் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் இறக்கப்பட்ட இடம் வவுனியா. கொழும்பில் தங்குவதற்குச் சரியான காரணம் இல்லை என்று சொல்லப்பட்டது. மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள், இரத்மலானைப் பிளேனுக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தவர்கள் எனப் பலவகையானோர் லொட்ஜுகளில் தங்கிய காலம் அது.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2011இல், அதே பதிப்பகம் வெளியிட்ட 'முற்றுப்பெறாத தோம்பு' சனாதனனின் மிகச் சிறந்த படைப்பு என்பேன். தோம்பு என்ற சொல் நம் மூத்தவர்களுக்குப் பழக்கமானது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த பதிவேடு அது. காணி உறுதிகளில் இன்றும் அதன் வாடை அடிக்கும். ஒல்லாந்தர் இரண்டு வகைத் தோம்பு வைத்திருந்தார்கள். ஒன்று காணித் தோம்பு, மற்றது தலைத் தோம்பு. யார் நிலம் எவ்வளவு என்பது ஒன்றில், எந்தக் குடும்பத்தில் எத்தனை தலைகள் என்பது மற்றதில். வரிக்கும் ஊழியத்துக்கும் கணக்கெடுக்க இரண்டும் தேவைப்பட்டன. ஆளையும் நிலத்தையும் சேர்த்தே பதியவேண்டும் என்பதை அந்நிய ஆட்சியாளன்கூட அறிந்திருந்தான்.

அரசாங்க அலுவலகக் கோப்பைப் போலத் தோன்றும் இந்த நூலில், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரின் வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வீடும் மூன்று தரம் வருகிறது. முதலில், வீட்டை இழந்தவர் நினைவிலிருந்து தன் கையால் கீறிய படம். கோடு கோணலாக இருக்கும், அறைகள் ஒன்றோடொன்று ஒவ்வாது, சில மூலைகள் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும். அடுத்து, அதே வீட்டை அளவோடு வரைந்த கட்டடக்கலைப் படம், மெல்லிய ஒளி ஊடுருவும் தாளில். மூன்றாவது, அந்த ஆள் சொன்ன கதையிலிருந்து சனாதனன் உலர் பாஸ்டல் வண்ணத்தில் வரைந்த ஓவியம்.

இந்த மூன்றில் என்னை அதிகம் நிறுத்துவது முதலாவதுதான். பென்சில் பிடித்துப் பழக்கமில்லாத கைகள் கீறியவை அவை. ஒரு சாதாரண வீட்டு வரைபடத்தில் கிணற்றுக்கும் படுக்கையறைக்கும் அளவு மட்டுமே உண்டு. நினைவில் கீறும்போது அளவு வேறுவிதமாக வேலை செய்கிறது. எந்த இடத்தில் அதிகம் வாழ்ந்தோமோ அது பெரிதாகிவிடுகிறது. அந்தப் படங்களில் ஆளின் உருவம் எங்கும் கீறப்படவில்லை. ஆனால் கையின் நடுக்கம் கோட்டில் இருக்கிறது. உடலை வரையாமலே உடலைக் காட்டும் வழி இது. உடலோவியங்களில் தொடங்கியவர் இங்கே வந்து சேர்ந்ததை விலகல் என்று நான் கருதவில்லை. அதே கேள்வியை அவர் இன்னும் கிட்டப் போய்க் கேட்டிருக்கிறார்.

புலம்பெயர்ந்தவர்களிடமும் அவர் போனார். கனடாவின் வான்கூவரில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகத்தில் 2010இல் நடந்த காட்சியில், அங்கு வாழும் ஈழத்தமிழர் கொடுத்த பொருட்களைக் கொண்டு வீடு என்னும் நினைவை அமைத்தார். 2016இல் கொச்சி-முசிறி பினாலேயில் வைத்தது பழைய நூலகங்களில் இருந்த அட்டை அலுமாரி போன்ற ஒன்று. இழுப்பறையைத் திறந்தால், போர்க்காலத்தில் சாதாரண சனங்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கதைகள் அட்டைகளில் இருக்கும். எதிர்ப்பின் அலுமாரி என்று அதற்குப் பெயர். துவக்குத் தூக்கியதை மட்டும் எதிர்ப்பென்று எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தப் பெயர் சற்று இடறும். பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் பற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுக்கு இடறாது.

பெண்ணுடல் பட்ட பாட்டைச் சொல்ல வேறு கைகள் இருக்கின்றன. மட்டக்களப்பில் நீண்ட காலமாகப் பெண்கள் இயக்கத்தோடு சேர்ந்து இயங்கும் ஓவியர் கமலா வாசுகியின் படைப்புகளில், பெண்ணின் உடல் பார்க்கப்படுவதற்காக நிற்காது, பேசுவதற்காக நிற்கும். அனோலி பெரேரா எடுத்த புகைப்படத் தொடர் ஒன்றில், காலனிக்காலத்துப் படங்களில் போல் பெண்கள் அமர்ந்திருப்பார்கள், ஆனால் விரித்த கூந்தல் முகத்தை முழுதாக மூடியிருக்கும். பார்ப்பவர் தேடும் அடையாளத்தை அவர்கள் கொடுக்க மறுக்கிறார்கள். அடையாள அட்டையில் காது தெரிய, முகம் நேராகப் படம் எடுக்கச் சொல்லப்பட்ட நமக்கு அந்த மறுப்பின் சுகம் விளங்கும். இவர்கள் இருவரையும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கலை இதையெல்லாம் எடுத்துக்கொள்வதில் ஒரு கேள்வியும் இருக்கிறது. சனங்களின் துயரம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் நிற்பதால் சனங்களுக்கு என்ன? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் ஒரு தாய் ஏந்தி நிற்கும் புகைப்படத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. ஓவியம் அந்தப் பதிலைத் தராது. தோம்பும் காணி உறுதி ஆகாது. அதைக் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில் நீட்டினால் யாரும் காணி விடுவிக்கப்போவதில்லை. இந்தக் கேள்வியைச் சனாதனன் தட்டிக்கழிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நூலுக்கு முற்றுப்பெறாதது என்று பெயர் வைத்தது அதனால்தானோ என்னவோ.

ஒன்று மட்டும் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் நான்காம் மாடி ஃபிளட் ஒன்றில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அந்த நூலைக் காட்டினேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வலிகாமம் வடக்கில் இருந்த அவருடைய வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, திரும்பக் கிடைத்தபோது அத்திவாரம் மட்டும் இருந்தது. ஓவியங்களை அவர் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார். சனங்கள் கீறிய படங்களில் மட்டும் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். "இதென்ன, இந்த ஆள் கிணத்தைக் கீற மறந்துபோச்சு" என்றார். பிறகு பென்சில் கேட்டார். மின்சாரப் பட்டியலின் பின்பக்கம்தான் கைக்கு வந்தது. வாசலில் தொடங்குவார் என்று நினைத்தேன். முதலில் ஒரு வட்டம் போட்டார், கிணறு. அதிலிருந்து வாழைக்குப் போகும் வாய்க்கால், துவைக்கிற கல், குசினியின் பின்கதவு. அறைகளுக்கு வந்தபோது தாளில் இடம் முடிந்துவிட்டது. "இன்னொண்டு தா மோனை" என்று கையை நீட்டினார்.